சுடரைக் கண்காணிக்கும் கண்

அயர்லாந்தில் ஒரு கிராமத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "சமையலறையில் பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கிறது. மண்ணெண்ணெயில் எரிவது. சமையலுக்கும் அதுதான், வீட்டைச் சூடாக்கவும் அதுதான். பற்றுகிறது, சில வினாடிகளில் அணைந்து சிவப்பு விளக்கு வந்துவிடுகிறது. ஏன்?"

எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்களில் அங்கே இது சகஜமான அடுப்பு. வெளியே டேங்க். உள்ளே பம்பு எண்ணெயைச் சுமார் 7 பார் (காற்றழுத்தத்தைப்போல் ஏழு மடங்கு) அழுத்தத்தில் நாசில் என்ற நுண்துளை முனை வழியே நுண்துளிகளாகப் பீய்ச்சும், விசிறி காற்றைத் தள்ளும், மின்பொறி பற்றவைக்கும். இதெல்லாம் சரி. பற்றிவிட்டது என்று பர்னருக்கு எப்படித் தெரியும்?

பார்த்துத்தான். இந்த வகை பர்னர்கள் பலவற்றில் சுடருக்கு நேராக, காட்மியம் சல்ஃபைடு பூசிய ஒரு சின்ன வில்லை இருக்கும். இருட்டில் அதன் எலக்ட்ரான்கள் அணுக்களில் கட்டுண்டு கிடப்பதால் மின்சாரம் அநேகமாகப் பாயாது. ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓட, மின்தடை சடாரென்று சரியும். அந்தச் சரிவுதான் 'தீ இருக்கிறது' என்ற செய்தி. சில வினாடிகளுக்குள் அது வராவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணெயை நிறுத்திவிடும். தொடங்கும் முன்பே வெளிச்சம் தெரிந்தாலும் சந்தேகப்பட்டு நின்றுவிடும்! எண்ணெய்ச் சுடரில் கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாக ஒளிர்வதால்தான் இந்தக் கண்ணுக்கு வேலை. கேஸின் மங்கலான நீலச் சுடருக்கு இது ஒத்துவராது. அங்கே சுடர் வழியாகவே மின்சாரம் பாய்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

இந்த அடுப்புகளில் பேர்பெற்ற 'ஆகா'வை 1922-இல் உருவாக்கிய ஸ்வீடன்காரர் கஸ்டாஃப் டாலென், அதற்கு முன்பே ஒளியால் இயங்கும் வால்வு ஒன்றைச் செய்தவர். கலங்கரை விளக்கத்தில் ஒரு கறுப்புத் தண்டு, சுற்றிலும் பளபளக்கும் தண்டுகள். பகலில் கறுப்பு மட்டும் வெயிலை உறிஞ்சி நீண்டு, விளக்குக்குப் போகும் வாயுவை அடைக்கும். இரவில் சுருங்கித் திறக்கும். கலங்கரை விளக்கங்களுக்கான தானியங்கி வால்வுகளுக்காக 1912-இல் இயற்பியல் நோபல். அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் பார்வை போனது. ஐன்ஸ்டைனுக்கும் பிளாங்குக்கும் முன்னால் இவருக்கா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எத்தனையோ மாலுமிகளைக் காப்பாற்றிய வேலை அது; பரிசு தகும் என்பேன்.

வாசகரின் அடுப்புக்கு வருவோம். பற்றி, சில வினாடிகளில் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் கண்மீதுதான். புகைக்கரி படிந்திருந்தால் சுடர் இருந்தும் தெரியாது. மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்தாலே பல நேரம் போதும். கரி திரும்பத் திரும்பப் படிந்தால் காற்று குறைவு, அல்லது நாசில் தேய்ந்திருக்கிறது. நெடுநேரம் எரிந்தபின் அணைந்தால் எண்ணெய் வரத்தைப் பாருங்கள்: ஃபில்டரில் அடைப்பு, டேங்க் அடியில் தண்ணீர். தண்ணீர் மண்ணெண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், குளிர்காலத்தில் குழாயிலேயே உறைந்தும் விடும்.

சாமியைக் கும்பிட்டு ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது மட்டும் வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலிலும் எரியாத எண்ணெய் உள்ளே சேரும். திடீரென்று பற்றினால் மொத்தமும் ஒரேயடியாக எரியும். இரண்டு தடவைக்கு மேல் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.