நெல் மூட்டைக்குள் கிளினிக் கொப்பி

போன கிழமை என் மேசைக்கு ஒரு கிளினிக் கொப்பி வந்தது. மட்டை முழுக்கத் தவிடு. விரித்தால் பக்கங்களுக்கு நடுவில் இரண்டு நெல்மணி. "எங்கையம்மா வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன். பிள்ளையின் தாய் தலையைக் குனிந்துகொண்டார். கலியாணத் தரகர் வந்து போகிற வீடாம். கண்ணில் பட்டுவிடும் என்று நெல் மூட்டைக்குள் செருகி வைத்தாராம். கொப்பியோடு குளிசையும் மூட்டைக்குள் போய்விட்டது. ஏழு கிழமையாக ஒன்றும் குடிக்கவில்லை.

பிள்ளைக்கு இருபதுகளில் வயது, முல்லைத்தீவுப் பக்கம். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வருத்தம் லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற வருத்தம். இரண்டு வருடமாகக் குளிசையோடு நன்றாகத்தான் இருந்தாள். இப்போது கால் வீங்கி, முகம் ஊதி, சலம் நுரைத்துப் போகிறது என்று வந்திருக்கிறாள். அது சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது. அன்றே வார்டில் சேர்த்தோம்.

இந்த வருடம் இது மூன்றாவது. மூன்று வீட்டிலும் ஒரே கதைதான்: "பரம்பரை வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஆர் டொக்டர் கட்டுவினம்?"

சரி, அந்தப் 'பரம்பரை' என்ற சொல்லையே எடுப்போம். அதைச் சொல்லும்போது நம் ஆட்கள் மனதில் ஓடுவது தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை மாதிரியான கணக்கு. தாயும் தகப்பனும் பழுதான பரம்பரை அலகை (ஜீனை) காவுகிறவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4 இல் 1 வாய்ப்பு. அங்கே ஒரு பரம்பரை அலகு, ஒரு வருத்தம். அதற்குக் கலியாணத்துக்கு முதல் இரத்தம் சோதியுங்கள் என்று நாங்களே கெஞ்சுகிறோம், அப்போது யாரும் வருவதில்லை. ஆனால் அதே கணக்கை லூபசுக்கும் மூட்டுவாதத்துக்கும் வெண்புள்ளிக்கும் போட்டுச் சம்பந்தத்தைக் குழப்புகிறார்கள். (வெண்புள்ளியைக் குஷ்டம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களோடு வாதாடி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அது குஷ்டம் இல்லை, தொற்றவும் தொற்றாது.)

உடம்பின் காவல்காரன் சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிற இந்த வருத்தங்களுக்குப் பின்னால் ஓர் அலகு இல்லை. லூபசுக்கும் மூட்டுவாதத்துக்கும் மட்டும் நிறமூர்த்தங்களில் தனித்தனியே நூறுக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் தள்ளுகிறது. கூடுதலாகத் தள்ளுவது 6 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் எச்.எல்.ஏ. என்ற பரம்பரை அலகுக் கூட்டம். கிருமி எது, நம்முடையது எது என்று காட்டிக்கொடுப்பதும் அதே கூட்டம்தான். அதைக் கெட்ட இரத்தம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னும் நம்பாதவர்களுக்கு: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளைப் பாருங்கள். பரம்பரை அலகெல்லாம் ஒன்று. ஒருவருக்கு மூட்டுவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது 100 க்கு 15 அளவில்தான். அலகுதான் தலைவிதி என்றால் அது 100 க்கு 100 ஆக அல்லவா இருக்க வேண்டும்? முள்ளந்தண்டு இறுகிப்போகிற வாதத்துக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்றான எச்.எல்.ஏ.-பி27 க்கும் உள்ள தொடர்பு 1973 இல் தெரியவந்தது. இந்தத் துறையில் அதைவிடப் பலமான தொடர்புகள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் பி27 உள்ள 100 பேரில் 90 க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வாதம் வருவதே இல்லை. லூபஸ் உள்ள தாயின் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு 100 க்கு 5 அளவில். மற்றப் பிள்ளைகளைவிடக் கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் 95 ஐயும் எண்ணுங்கள்.

இன்னொன்று. சம்பந்தம் குழப்ப வருபவர்கள் எப்போதும் பெண்ணின் கொப்பியைத்தான் தேடுகிறார்கள். சின்ன வயதிலேயே இன்சுலின் போடவேண்டி வருகிற முதலாம் வகைச் சீனி வருத்தமும் லூபஸ் மாதிரி உடம்பே உடம்பை அடிக்கிற வருத்தங்களில் ஒன்றுதான். அது தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100 க்கு 6 அளவில், தாய்க்கு இருந்தால் அதில் ஏறக்குறையப் பாதி. மாப்பிள்ளையின் கொப்பியை எந்தத் தரகராவது கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு: "எங்கட பரம்பரையிலயே ஆருக்கும் இல்லை டொக்டர், அதால அதா இருக்காது." இருக்கும் ஐயா. என்னிடம் வருகிறவர்களில் கனபேருக்கு வீட்டில் வேறு யாருக்குமே கிடையாது. அதைவிட, வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்குச் சங்கடம். "குடும்பத்தில வேற ஆருக்கும்?" என்றால், "2009 இல எல்லாரும் போட்டினம்" என்று பதில் வரும். பேனையை வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்பேன். பிறகு சில நேரம் ஏதாவது நினைவு வரும். "அம்மாவுக்குக் காலமையில கைவிரல் மடங்காது, இடம்பெயர்ந்து திரிஞ்சு ஈரத்தில படுத்ததால எண்டு நினைச்சம்." அதைக் குறித்துக்கொள்வேன். அரைகுறையாக நினைவிருந்தாலும் சொல்லுங்கள்.

மச்சான் மச்சாளைக் கட்டியதால் லூபஸ் வந்தது என்ற பேச்சையும் விடுங்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது உண்மையில் பயப்படவேண்டிய இடம் வேறு. பிறப்பிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள். அது அரிது, ஆனால் அங்கே தலசீமியாக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். உங்கள் முந்தைய பிள்ளையோ, நெருங்கிய சொந்தத்தில் ஒரு பிள்ளையோ கைக்குழந்தையாக இருக்கும்போதே திரும்பத் திரும்பச் சளி, காய்ச்சல் வந்து இறந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறந்ததும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசி போட முதலே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைக்கு அந்த ஊசியே ஆபத்து.

இனிச் செய்யவேண்டியது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நாள்பட்டுக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்செட் குளிசை கிழமையில் ஒரு நாள். ஒரே ஒரு நாள்! தினமும் குடித்து வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பிழைத்தது அதிர்ஷ்டம். லூபஸ் உள்ளவர்கள் உச்சி வெயிலில் களை பிடுங்கப் போகவேண்டாம். போயே ஆகவேண்டும் என்றால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு, விடியப் போய்ப் பத்து மணிக்கு முதல் ஏறிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மூட்டுவாதம் இருந்தால் மற்றவர்கள் பீடி, சுருட்டை விடவேண்டும். பரம்பரை அலகை மாற்ற என்னால் முடியாது, சுருட்டை உங்களால் விட முடியும். லூபசுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. இரத்தச் சோதனை 'பொசிட்டிவ்' என்ற ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு அழவேண்டாம், நல்ல சுகமாக இருப்பவர்களிலும் பலருக்கு அது அப்படித்தான் வரும்.

கலியாணமும் பிள்ளையும் கூடாது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. வருத்தம் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். லூபசுக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிக்குளோரோகுயினை வயிற்றில் பிள்ளையோடும் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். மெதோட்ரெக்செட்டை முதலே மாற்றவேண்டும். அதற்குத்தான் சொல்கிறேன், நாள் குறிக்க முதல் ஒருக்கா வாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு வீக்கம் வற்றத் தொடங்கியிருக்கிறது. "பெடியன் வீட்டுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று தாய் கேட்டார். மகளுக்குச் சம்மதமென்றால் அடுத்த கிளினிக்குக்குப் பெடியனையும் கூட்டி வாருங்கள், நானே சொல்கிறேன் என்றேன். மகள் உடனே தலையாட்டினாள். தாய் ஒன்றும் பேசவில்லை. கொப்பியில் இருந்த தவிட்டைத் தட்டி, பொலித்தீன் பைக்குள் போட்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெளியே போனார்.