ஆர் மொழியும் இன்ஃப்ளக்ஸ்டிபியும்: நேரம் பிசகும் இடங்கள்

புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் மொழியை, நேரத்தோடு வரும் அளவீடுகளைச் சேமிக்கும் இன்ஃப்ளக்ஸ்டிபி தரவுத்தளத்தோடு இணைப்பது பெரிய வேலையில்லை. 1.8 பதிப்பு 8086 போர்ட்டில் எச்டிடிபி வழியே பேசுகிறது. எழுத ‘ரைட்’, கேட்க ‘குவெரி’ என்று இரண்டு முகவரிகள்தான். ஆரில், எச்டிடிபி கோரிக்கைகளை அனுப்பும் எச்டிடிஆர் தொகுப்பு இருந்தால் போதும். 2-ஆம் பதிப்பில் கடவுச்சொல்லுக்குப் பதில் டோக்கனும், தரவுத்தளத்துக்குப் பதில் பக்கெட்டும் வரும். இனி வரும் விவரங்கள் 1.8 பதிப்புக்கானவை.

இணைப்பு கிடைத்துவிட்டாலும், இரண்டும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1 முதல் கடந்த நானோவிநாடிகளை இன்ஃப்ளக்ஸ்டிபி 64 பிட் முழு எண்ணாக வைக்கிறது. இன்றைய தேதிக்கு அது 19 இலக்க எண். ஆர் அதே தொடக்கத்திலிருந்து விநாடிகளைத் தசம எண்ணாக வைக்கிறது. அந்தத் தசம எண்ணில் நம்பத் தகுந்தவை சுமார் 16 இலக்கங்கள்தான். அதனால் நானோவிநாடி எண்ணை அப்படியே ஆருக்குள் கொண்டுவந்தால் அது 256-இன் மடங்குகளுக்கு மட்டுமே ஒட்டும். கடைசி இலக்கங்கள் போய்விடும். பத்து விநாடிக்கொரு வெப்பநிலை அளவீட்டுக்கு இது பொருட்டில்லை. மின் அலை, அதிர்வலைப் பதிவுகளுக்குப் பொருட்டு. அங்கே தரவுத்தளத்தின் விடையை சிஎஸ்வி கோப்பாக வாங்கி, ஆரின் எஃப்ரீட் செயற்கூறு கொண்டு படித்து, பிட்64 தொகுப்பின் முழு எண்ணாக வைத்து, நானோடைம் தொகுப்பில் கையாளுங்கள். மற்றவர்கள் கேள்வியிலேயே மில்லிவிநாடி கேட்டு வாங்கி, 1000-ஆல் வகுத்துக்கொண்டால் போதும்.

எழுதும் பக்கத்தில்தான் அதிகம் சறுக்குகிறது. ஒவ்வொரு அளவீடும் ஒரு வரி: அளவீட்டின் பெயர், டேக் (எந்த சென்சார் என்பது போன்ற அடையாளம்), மதிப்பு, நேர முத்திரை. அலகு சொல்லாமல் அனுப்பினால் நேர முத்திரை நானோவிநாடி என்றே கொள்ளப்படும். 1700000000 என்ற விநாடி எண்ணை அப்படி அனுப்பினால் அளவீடு 1970-இன் முதல் இரண்டு விநாடிக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி வராது. வரைபடம் மட்டும் காலியாக இருக்கும்.

அலகை மில்லிவிநாடி என்று சொல்லியும் வரிகள் காணாமல் போகலாம். ஆர் ஒரு எண்ணை எழுத்தாக மாற்றும்போது, அடுக்குக்குறி வடிவம் குட்டையாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். 1700000010000 அப்படியே வரும். 1700000000000 மட்டும் 1.7இ+12 (1.7 பெருக்கல் பத்தின் 12-ஆம் அடுக்கு) என்று ஆகிவிடும். கடைசியில் ஆறு பூஜ்யம் உள்ள முத்திரைக்கெல்லாம் இந்தக் கதிதான், அதாவது 1000 விநாடிக்கு ஒருமுறை. பத்து விநாடித் தரவில் நூற்றில் ஒரு வரி. தரவுத்தளம் அந்த வரியைப் புறக்கணித்து, மற்றவற்றை எழுதிவிட்டு, 400 என்ற பிழை நிலைக்குறியைத் திருப்பி அனுப்பும். எச்டிடிஆர் அந்தக் குறியைப் பார்த்து நிற்காது. நீங்கள்தான் சோதித்து நிறுத்த வேண்டும். மருந்து எளிது: நேரத்தை ஆரின் ஸ்பிரிண்ட்எஃப் செயற்கூறு மூலம் தசமமில்லாத எண்ணாக எழுதுங்கள், எண்ணைத் தானாக எழுத்தாக்கி ஒட்டும் பேஸ்ட்டை நம்ப வேண்டாம். ஒரே தடவையில் 5000 வரி வரை அனுப்புவது நல்ல அளவு.

ஒரே அளவீட்டுப் பெயரில், ஒரே டேக்குகளோடும் ஒரே நேரத்தோடும் இரண்டு வரி வந்தால், பின்னது முன்னதின் மதிப்பை மாற்றி எழுதும். இதனால் பாதியில் நின்ற வேலையைத் தயங்காமல் மறுபடி ஓட்டலாம். ஆனால் ஒரே விநாடிக்குள் பல அளவீடு எடுப்பவர் நேரத்தை விநாடிக்கு முழுமையாக்கினால், கடைசி ஒன்றுதான் மிஞ்சும்.

வாசிக்கும்போது சராசரியைத் தரவுத்தளத்திடமே விட்டுவிடுங்கள். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 31,53,600 வரி. மணிநேரச் சராசரியோ 8,760 வரிதான். நாள் சராசரி கேட்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தரவுத்தளத்தின் நாள் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் தொடங்குகிறது. சென்னையிலும் கொழும்பிலும் அது காலை 5.30. கேள்வியின் கடைசியில் நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால், இரவின் குளிர் முந்தைய நாள் கணக்கில் சேரும்.

காலி இடைவெளிகளையும் வெட்டிவிடக் கூடாது. ஆரின் டிஎஸ் (காலத்தொடர்) வகை தொடக்க நேரத்தையும் இடைவெளியையும் மட்டுமே நினைவில் வைக்கும். சென்சார் மூன்று மணி நேரம் நின்று, மணிநேரச் சராசரியில் அந்த மூன்று வரிகளும் வராவிட்டால், அதன் பிறகான எல்லா மதிப்பும் மூன்று மணி நேரம் முந்தைய நேரத்துக்கு நகரும். பருவப் போக்குக் கணிப்பு முழுக்கத் தவறும். கேள்வியின் ஃபில் பகுதியில் நல் (வெற்று) என்று கேட்டால் அந்த மூன்று வரியும் வெற்று மதிப்போடு வரும். ஆரில் அவை என்ஏ (மதிப்பில்லை) ஆகும்.

எழுதி முடித்ததும் அதே காலத்துக்குக் கவுண்ட் (எண்ணிக்கை) கேட்டு, அனுப்பிய வரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அடுக்குக்குறி. பூஜ்யமோ வெற்று விடையோ வந்தால் அலகு.