பிஞ்சு மூளை எப்போது பழுதாகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஒரு குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, கால் விறைக்கிறது என்றால் முதலில் விசாரணைக்கு ஆளாவது தாய்தான். கிரகணத்தன்று வெளியே போனாயா, எதைத் தின்றாய் என்று கேட்டே அவளை நோகடித்துவிடுவார்கள். பெருமூளை வாதத்துக்கும் கிரகணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வளரும் மூளையில் உடல் அசைவை ஆளும் பகுதி பழுதுபடுவதால் வருவது இது.

1861-இல் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற மருத்துவர், பிரசவச் சிக்கலும் மூச்சுத் திணறலும்தான் காரணம் என்றார். 1897-இல் சிக்மண்ட் பிராய்ட் அதை மறுத்தார்: கருவிலேயே ஏதோ கோளாறு இருந்ததால்தான் பிரசவம் சிக்கலாகியிருக்கலாமே! இன்று பார்த்தால் பிராய்ட் பக்கமே நியாயம் அதிகம். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதிப்பு வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ருபெல்லா போன்ற தொற்றுகள், இரட்டைப் பிள்ளைகள், 1,500 கிராமுக்கும் குறைந்த எடை எல்லாமே ஆபத்தைக் கூட்டுபவை.

குறைமாதம் இன்னும் பெரிய ஆபத்து. கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை, மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளைச் சுற்றிய பகுதி மிக மென்மையானது. அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்தாலோ அழற்சி வந்தாலோ அங்குள்ள நரம்பிழைகள் கெடும். கால்களுக்குப் போகும் இழைகள் அந்த அறைகளை ஒட்டியே ஓடுகின்றன. குறைமாதப் பிள்ளைகளுக்குக் கையைவிடக் கால் அதிகம் விறைப்பது இதனால்தான்.

வீட்டிலிருப்பவர்கள் தடுக்கக்கூடிய ஒன்று உண்டு: மஞ்சள் காமாலை முற்றி மூளையைக் கெடுப்பது. சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிறந்த குழந்தையின் ஈரலால் அதை வேகமாக வெளியேற்ற முடியாது. அளவு மீறினால் அது மூளைக்குள் புகுந்து, அசைவைச் சீர்செய்யும் ஆழமான பகுதிகளில் படிந்துவிடும். அப்புறம் கை கால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும், காதும் கேட்காமல் போகலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். மலேசியாவில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அதைச் சோதித்துவிடுகிறார்கள். குறைபாடு இருந்தால், துணி அலமாரியில் போடும் அந்துருண்டையே எதிரி. கடையில் உபாட் கெகாட் என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். அதிலுள்ள நாப்தலீன் சிவப்பணுக்களை உடைக்கும். அந்துருண்டை போட்ட அலமாரியில் இருந்த பழைய துணியைப் பிள்ளைக்குச் சுற்றினாலே காமாலை ஏறிவிடலாம்.

பிரசவித்த தாயும் பிள்ளையும் இருக்கும் பத்திய அறையை இருட்டாக வைத்தால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. சன்னலைத் திறந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்திலிருந்து கீழே இறங்கும். கால்வரை வந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், கொஞ்சமாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. காலை வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. ஆஸ்பத்திரியின் நீல விளக்குத்தான் பிலிரூபினை உடம்பு கழிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும். தாதி வீட்டுக்கு வரும் நாளில் பிள்ளையைத் தூங்கட்டும் என்று மூடி வைக்காதீர்கள், வெளிச்சத்தில் காட்டுங்கள்.

பிறந்த பிறகும் மூளைக்காய்ச்சல், தலையில் பலத்த அடி, பிள்ளையைப் பிடித்து உலுக்குவது ஆகியவை இதே பாதிப்பைத் தரலாம். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றதை மடக்கியே வைத்திருந்தால் இடக்கைப் பழக்கம், வலக்கைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் அப்படி ஒரு பழக்கம் வராது. கிளினிக்கில் காட்டினால் உடற்பயிற்சி சிகிச்சையைச் சீக்கிரமே தொடங்கிவிடலாம்.