தரைக்குள்ளிருந்து வரும் கடல்

"துவாலு நாட்டைச் சுற்றி உயரமாக ஒரு சுவர் கட்டினால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போதாது. பசிபிக் கடலில், கடல்மட்டம் உயர உயர மூழ்கும் அபாயத்திலிருக்கும் தாழ்வான பவளத்தீவு நாடு துவாலு. அதன் தலைநகரத் தீவான ஃபுனஃபுட்டியில், ஆண்டின் ஆகப் பெரிய ஓதம் (கடலேற்றம்) வரும் நாட்களில், விமான ஓடுபாதையை ஒட்டிய தரையிலேயே கடல்நீர் குமிழியிட்டு ஊறுகிறது. சுவர் அதை என்ன செய்யும்?

அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. 1942 அக்டோபர் 2 அன்று, பிரிட்டன் வசமிருந்த இந்தத் தீவில் அமெரிக்கப் படை இறங்கியது. தென்னைகளைச் சாய்த்து ஓடுபாதை போட்டார்கள். 1943 ஏப்ரலில் இங்கிருந்து கிளம்பிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்கள், ஜப்பான் பிடித்திருந்த நவ்ரு, தராவா தீவுகளில் குண்டு வீசின. ஜப்பானிய விமானங்களும் இங்கே வந்து பதிலுக்கு வீசின. ஓடுபாதைக்குத் தேவையான பவளக்கல்லைத் தீவிலேயே குழி குழியாகத் தோண்டி எடுத்தார்கள்.

சரி, தண்ணீர் எப்படி ஊறுகிறது? பவளத்தீவு முழுக்கச் சுண்ணாம்புச் சல்லடை. பெய்கிற மழை நேரே கீழிறங்கும். அங்கே ஏற்கெனவே கடல்நீர் நிற்கிறது. ஆனால் நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருடையது 1.025. அதனால் மழைநீர் கடல்நீர்மேல் மிதக்கிறது, பனிப்பாறை மிதப்பதுபோல. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்குதான் என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் 1 செ.மீ. நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 செ.மீ. தொங்கும். எனக்கு அலுக்காத கணக்கு இது! துவாலு மக்கள் இந்த நீர் எட்டும்வரை குழி வெட்டித்தான் புலாக்கா என்ற கிழங்கைப் பயிரிடுகிறார்கள். ஓதம் ஏறும்போது கடல் அடியிலிருந்து தள்ள, இந்த நீர்த்தட்டும் உயர்கிறது. தரை எங்கே தாழ்வோ அங்கே வெளியே வருகிறது. ஒடுங்கிய தீவில் நன்னீர்த்தட்டு மெல்லியது, அதனால் வருவது உப்புநீர்.

தாழ்வான இடம் எது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. மெல்ல அமிழும் எரிமலைத் தீவின்மேல் பவளம் வளர்ந்து வளர்ந்தே பவளத்தீவு உண்டாகிறது என்ற டார்வினின் கருத்தைச் சோதிக்க, லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் 1896 முதல் 1898 வரை ஃபுனஃபுட்டியில் துளையிட்டது. சுமார் 340 மீட்டர் போயும் பவளச் சுண்ணாம்புதான் வந்தது. அந்தக் குழுவினர் தீவையும் வரைந்து வைத்தார்கள். வரைபடத்தில் தீவின் நடுவே சதுப்புநிலம் இருக்கிறது. போரில் மேடாக்கப்பட்டதும், பிறகு வீடுகள் பரவியதும் அங்கேதான். இன்று நீர் ஊறும் இடங்களும் பெரும்பாலும் அவையே. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணம் தர மறுப்பவர்களிடம் இந்த வரைபடத்தைக் காட்ட ஆசைப்படுகிறேன். வெறும் அறியும் ஆவலில் வரைந்தது, நூறாண்டு கழித்து ஒரு நாட்டுக்கு உதவுகிறது.

போர்க்காலக் குழிகளை நியூசிலாந்தின் உதவியோடு 2015-இல் காயல் (பவளத்தீவுகள் வளைத்து நிற்கும் உள்கடல்) மணலால் நிரப்பினார்கள். அப்புறம் 2023-இல் அதே காயலோரம் மணலைக் கொட்டி, 7 ஹெக்டேருக்கு மேல் புதிய மேட்டுநிலம் எழுப்பியிருக்கிறார்கள்.