அமெரிக்காவில் நாடுகடத்தல் வழக்கு: நீதிபதி முன் நிற்கும் உரிமை யாருக்கு உண்டு?

அமெரிக்காவிலிருந்து ஒருவரை வெளியேற்ற அந்நாட்டு அரசுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் நீதிபதி இருக்கிறார், விசாரணை இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. மற்றொன்றில் குடிவரவு அதிகாரியே உத்தரவு எழுதிவிடுகிறார். தன்னை எந்த வழியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைத்தான் பிடிபட்டவரும் அவருடைய குடும்பமும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற உரிமைகள் எல்லாம் அதைப் பொறுத்தவை. 2025 இறுதி வரையிலான நிலவரத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

நீதிபதி இல்லாத வழிக்குப் பெயர் துரித வெளியேற்றம். 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. உரிய ஆவணமில்லாமல் எல்லைக்கு வந்தவரையோ, சோதனைச் சாவடியைத் தவிர்த்து உள்ளே நுழைந்தவரையோ அதிகாரி விசாரித்து அப்போதே திருப்பி அனுப்ப உத்தரவிடலாம். இதில் ஒரே ஒரு தடுப்பு இருக்கிறது. “ஊருக்குப் போக அஞ்சுகிறேன்” என்று அவர் சொன்னால், அடைக்கல அதிகாரி ஒருவர் அவரை நேர்காணல் செய்ய வேண்டும். அச்சத்துக்கு நியாயமான அடிப்படை உண்டு என்று அந்த அதிகாரி கருதினால் வழக்கு விசாரணைக்குப் போகும். இல்லை என்று முடிவு செய்தால், குடிவரவு நீதிபதி ஒருவர் அந்த முடிவைச் சில நாட்களுக்குள் சரிபார்ப்பார். அத்துடன் முடிந்தது.

இந்த வழியின் எல்லையை வரைந்த தீர்ப்பு இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் வந்தது. துரைசிங்கம் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2017இல் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 25 கஜ தூரத்தில் அவர் பிடிபட்டார். தன்னைச் சிலர் கடத்திக் கடுமையாக அடித்ததாகச் சொன்னார். அவர்கள் யார், ஏன் அடித்தார்கள் என்று கேட்டபோது தெரியவில்லை என்றார். அதிகாரி அவர் சொன்னதை நம்பினார்; ஆனால், இனம், அரசியல் கருத்து போன்ற சட்டம் ஏற்கும் காரணத்தால் நடந்ததாக நிறுவவில்லை என்று மறுத்துவிட்டார். துரைசிங்கம் ஆட்கொணர்வு மனு போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஏழு நீதிபதிகள் அரசின் பக்கம், இருவர் எதிராக. எல்லையைத் தாண்டியவுடன் பிடிபட்டவருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் எழுதிக்கொடுத்த நடைமுறைக்கு மேல் எதையும் கேட்க உரிமையில்லை என்பது அதன் சாரம்.

இலங்கையில் தமிழரைத் தூக்கிச் சென்றவர்கள் பெயரும் முகவரியும் சொல்லிவிட்டா செய்தார்கள்? வடக்கு கிழக்கை அறிந்த எவருக்கும் அந்தக் “தெரியவில்லை”யின் பொருள் புரியும். நேர்காணல் செய்யும் அதிகாரிக்குப் புரியாது. ஆகவே, யார் செய்தது என்று தெரியாவிட்டாலும், ஏன் தன்னைக் குறிவைத்தார்கள் என்று தான் நினைப்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்: தன் கட்சித் தொடர்பு, குடும்பத்தில் இயக்கத்தில் இருந்தவர், முன்பு வந்த மிரட்டல், அதற்கு முந்தைய விசாரணை. அந்த ஒரு நேர்காணலில் சொல்லாமல் விட்டதைப் பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

துரித வெளியேற்றம் நெடுங்காலம் எல்லையோரத்துக்கே உரியதாக இருந்தது. உள்நாட்டில், எல்லையிலிருந்து 100 மைலுக்குள், நுழைந்து 14 நாட்களுக்குள் பிடிபட்டவர்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள். 2025 ஜனவரியில் புதிய அரசு அதை நாடு முழுவதற்கும் விரித்தது: அனுமதியின்றி நுழைந்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இங்கே இருந்ததாகக் காட்ட முடியாத எவரையும் எங்கே பிடித்தாலும் அனுப்பலாம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் இந்த விரிவாக்கத்தை நிறுத்திவைத்தது. நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தடையைப் பெரும்பாலும் விலக்க மறுத்தது. சட்டப்போர் முடியவில்லை. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வசித்ததைக் காட்டும் வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீது, பிள்ளையின் பள்ளிப் பதிவு ஆகியவற்றின் நகலை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பிடிபட்டவர் தலையில்தான் விழுகிறது.

விசாவில் முறையாக வந்து, காலம் கடந்தும் தங்கியவர்களுக்குத் துரித வெளியேற்றம் பொருந்தாது. அவர்களுக்கு நீதிமன்றம் உண்டு. ஆனால் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் விசா இல்லாமலே இணையப் பதிவு மட்டும் செய்து 90 நாட்களுக்கு அமெரிக்கா வருகிறார்கள். அந்தச் சலுகையில் வருகிறவர், அடைக்கலம் கேட்பதைத் தவிர, வெளியேற்றத்தை எதிர்த்து வழக்காடும் உரிமையை வரும்போதே விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

இனி நீதிபதி இருக்கும் வழி. இது ‘நோட்டீஸ் டு அப்பியர்’ என்ற குற்றச்சாட்டுத் தாளில் தொடங்குகிறது. நீங்கள் எந்த நாட்டவர், எப்போது வந்தீர்கள், எந்தப் பிரிவின்படி வெளியேற்றக் கோருகிறோம் என்று அரசு அதில் எழுதித் தர வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு ஆஜராக வேண்டும் என்பதையும் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல ஆண்டுகள் அந்த இடத்தில் “பின்னர் அறிவிக்கப்படும்” என்றே எழுதி ஆயிரக்கணக்கான தாள்களை அனுப்பினார்கள். இந்த அலட்சியம் மூன்று முறை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

அனுமதியில்லாமல் இருப்பவர் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருந்தால், வெளியேற்றத்தை ரத்து செய்யும்படி நீதிபதியிடம் ஒரு நிவாரணம் கேட்கலாம். அந்தப் பத்தாண்டுக் கணக்கு, நோட்டீஸ் கையில் கிடைத்த நாளோடு நின்றுவிடும். தேதியே இல்லாத தாளால் கணக்கு நிற்காது என்று 2018இல் பெரேரா வழக்கிலும், தகவலைத் துண்டுதுண்டாக இரண்டு தாளில் அனுப்பினாலும் நிற்காது என்று 2021இல் நிஸ்-சாவேஸ் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. குடியேறியவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றிகள் இவை. ஆனால் 2024இல் காம்போஸ்-சாவேஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் திசை மாறியது. முதல் தாளில் தேதி இல்லாவிட்டாலும், பிறகு வந்த தாளில் தேதி இருந்து, அன்று ஆஜராகாவிட்டால் அந்த வெளியேற்ற உத்தரவு செல்லும் என்றது நீதிமன்றம். “எனக்கு வந்த நோட்டீஸே குறையுள்ளது, போகாவிட்டால் என்ன” என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள்.

ஆஜராகாதவருக்கு, அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு வந்துவிடும். கடும் நோய் போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் 180 நாட்களுக்குள் வழக்கை மறுபடி திறக்க மனு போடலாம். அறிவிப்பே வந்து சேரவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். மனு குடிவரவு நீதிபதியிடம் நிலுவையில் உள்ளவரை வெளியேற்றம் தானாக நிறுத்தப்படும். ஆனால் வீடு மாறியும் நீதிமன்றத்துக்குச் சொல்லாதவருக்கு, அறிவிப்பு வரவில்லை என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. ஐந்து நாட்களுக்குள் இஓஐஆர்-33 படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தது மட்டும் போதாது, இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். கடிதத்துக்காகக் காத்திருக்காமல், நோட்டீஸில் இருக்கும் ஒன்பது இலக்க ‘ஏ’ எண்ணைக் கொண்டு நீதிமன்றத்தின் இணையதளத்திலோ தானியங்கித் தொலைபேசியிலோ அடுத்த வாய்தாவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். தேதிகள் முன்னும் பின்னும் மாறுகின்றன.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அரசு செலவில் அல்ல. குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே வழக்கறிஞர் தரும் நாட்டில், உயிருக்கு அஞ்சி வந்தவர் பெரும்பாலும் தனியாக நின்று பேச வேண்டியிருக்கிறது. இது எனக்கு இன்றுவரை ஏற்க முடியாத அநீதியாகவே படுகிறது. இலவசமாக உதவும் அமைப்புகளின் பட்டியலை நீதிமன்றமே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் தன் செலவில் தரும். இந்தியப் பாஸ்போர்ட் என்பதற்காக இந்தி மொழிபெயர்ப்பாளரை ஏற்க வேண்டியதில்லை. தமிழ் வேண்டும் என்று முதல் வாய்தாவிலேயே பதிவு செய்யுங்கள். தமிழ் ஆவணம் எதையும் கொடுப்பதானால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த நீதிமன்றத்தின் தன்மையையும் சொல்ல வேண்டும். குடிவரவு நீதிபதிகள் சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நீதி இலாகாவின் தலைவரான அட்டர்னி ஜெனரல் நியமிக்கும் அந்த இலாகா ஊழியர்கள். அட்டர்னி ஜெனரல் எந்த வழக்கையும் தன்னிடம் எடுத்துத் தீர்ப்பை மாற்றலாம். 2018இல் ஒருவர் அப்படி வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களின் அடைக்கல வழியைச் சுருக்கினார். 2021இல் பின்னர் வந்த ஒருவர் அதை ரத்து செய்தார். 2025இல் இன்னொருவர் பழைய சுருக்கத்தையே மீண்டும் கொண்டுவந்தார். சட்டம் மாறாமலே அரசு மாறும்போது நியாயம் மாறுகிறது. 2025இல் பல நீதிபதிகளை வேலையிலிருந்து நீக்கினார்கள், நிலுவையோ 30 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. சட்டப்படி போதுமான அடிப்படை காட்டாத அடைக்கல விண்ணப்பத்தை விசாரணையின்றியே தள்ளுபடி செய்யலாம் என்று 2025 ஏப்ரலில் நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை போயிற்று. படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் பொருந்தாது என்று எழுதுங்கள். வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. 2025 ஜூலைச் சட்டம் விண்ணப்பத்துக்கு 100 டாலரும், நிலுவையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டாலரும் கட்டணமாக விதித்தது.

2025 மே மாதத்திலிருந்து நீதிமன்ற வாசலிலேயே கைதுகள் நடக்கின்றன. சில இடங்களில் அரசு வழக்கறிஞர் எழுந்து, “வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்” என்று கேட்கிறார். குடும்பம் மகிழ்ந்துபோகும். ஆனால் வழக்கு போய்விட்டால் நீதிபதியும் போய்விடுகிறார். வெளியே காத்திருக்கும் அதிகாரிகள் அவரைப் பிடித்துத் துரித வெளியேற்றத்தில் சேர்க்கலாம். தள்ளுபடிக்கு ஒப்புவதற்கு முன், பதிலளிக்க அவகாசம் கேளுங்கள். அடைக்கல வழக்கைத் தொடர விரும்புகிறேன் என்று பதிவு செய்யுங்கள்.

பிடித்து வைத்தால் பிணை கிடைக்குமா? முன்பு, நெடுநாள் உள்ளே வாழ்ந்தவர் நீதிபதியிடம் பிணை கேட்கலாம். 2025 செப்டம்பர் 5 அன்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், யஹூரே உர்தாடோ என்ற வழக்கில், அனுமதியின்றி நுழைந்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் அவருக்குப் பிணை கொடுக்க குடிவரவு நீதிபதிக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் பலவும் இதை ஏற்கவில்லை. ஆட்கொணர்வு மனு போட்டவர்களுக்குப் பிணை விசாரணை நடத்தச் சொல்லியிருக்கின்றன. பிடித்தவரை வேறு மாநிலத்துக்கு மாற்றுவதற்கு முன்பே மனு போட வேண்டும், இங்கே மணிக்கணக்கு முக்கியம். விசாவில் வந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதெல்லாம் தமக்கல்ல என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரி 28 அன்று வந்த கொள்கைக் குறிப்பின்படி, நீட்டிப்போ வேறு மனுவோ நிராகரிக்கப்பட்டு, சட்டப்படியான தகுதியும் முடிந்திருந்தால், அதே குடிவரவுத் துறை நோட்டீஸ் டு அப்பியர் அனுப்பலாம். அது வந்தபின் நாட்டை விட்டுப் பறந்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். வழக்கை முடிக்காமல் போனால், ஆஜராகாத கணக்கில் உத்தரவு எழுதப்பட்டு அடுத்த விசாவைத் தடுக்கும்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் குற்ற வழக்கிலிருந்து வருகிறது. ஒப்புக்கொண்டால் சிறை இல்லை என்று சொல்லப்படும் சிறிய வழக்கும் வெளியேற்றத்தில் முடியலாம். 2010இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் அபாயம் உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்றது. கையெழுத்துப் போடும் முன் அந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

நீதிபதி எதிராகத் தீர்ப்பளித்தால், அதே நாளில் “மேல்முறையீட்டு உரிமையை வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்ல வேண்டும். உத்தரவுத் தாளில் எழுதியிருக்கும் கடைசித் தேதிக்குள் மனு வாரியத்தைச் சென்றடைய வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது. 110 டாலராக இருந்த கட்டணத்துக்கு 2025 ஜூலைச் சட்டம் 900 டாலர் என்ற அடிமட்டம் வைத்தது. வாரியமும் மறுத்தால் 30 நாட்களுக்குள் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். அங்கே வெளியேற்றம் தானாக நிற்காது, தடை கேட்டுத் தனி மனு தேவை.

இறுதி உத்தரவு வந்தும் அனுப்ப முடியாமல் அடைத்து வைத்திருந்தால், ஆறு மாதத்துக்குப் பின், அண்மையில் அனுப்பும் வாய்ப்பு இல்லை என்று காட்டி விடுதலை கேட்கலாம். 2001ஆம் ஆண்டு ஸாட்விடாஸ் தீர்ப்பு தந்த உரிமை அது. இப்போது அரசு அதற்கு மாற்றாக, சொந்த நாட்டுக்கு அனுப்ப இயலாதவர்களை மூன்றாம் நாடுகளுக்கு அனுப்புகிறது. முன்னறிவிப்பும் அச்சத்தைச் சொல்ல வாய்ப்பும் தராமல் அப்படி அனுப்பக் கூடாது என்று மாசசூசெட்ஸ் நீதிபதி ஒருவர் இட்ட தடையை, 2025 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் வந்த துறைக் குறிப்பின்படி, 24 மணி நேர அறிவிப்பு போதும். அவசரம் என்றால் ஆறு மணி நேரமே போதும். அந்த நாட்டுக்குப் போக அச்சம் உண்டா என்று அதிகாரி கேட்க வேண்டியதுகூட இல்லை. நாட்டின் பெயரைச் சொன்ன அந்த நேரத்திலேயே, அங்கே போக அஞ்சுகிறேன் என்று பிடிபட்டவரே சொல்ல வேண்டும். சொன்னதை வழக்கறிஞரோ குடும்பமோ எழுத்தில் அனுப்பி வைக்க வேண்டும்.