முறைத் தண்ணீர் வருவதற்கு முன்

எட்டு வயதுப் பையன். மழை குறைந்த மாதங்களில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோக நெல், கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நின்ற நாட்கள். வயலில் நின்ற தகப்பனுக்குத் தேநீர்ப் போத்தல் கொண்டுபோனவன் திரும்பி வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் கிளை வாய்க்காலின் ஓரம் கண்டெடுத்தார்கள். இன்றுவரை எவர் மீதும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை. இலங்கையின் வன்னியில், சந்தேகமான சாவுகளையும் காயங்களையும் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரியாகப் பணிபுரிந்தபோது அந்தப் பிள்ளையின் உடலைப் பரிசோதித்தவன் நான். குடும்பத்தை எண்ணி, ஊரும் ஆண்டும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பிள்ளை என்னிடம் வந்தபோது தலை வாரியிருந்தது. நெற்றியில் திருநீறு. பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அம்மம்மா வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்து, நகத்துக்குள் இருந்த சேற்றை ஈர்க்குக் குச்சியால் எடுத்திருந்தார். போட்டிருந்த சட்டையை அலம்பி வேலியில் காயவிட்டிருந்தார். வாய்க்காலில் விழுந்து போய்விட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். குளமும் வாய்க்காலும் பிள்ளைகளைக் கொண்டுபோவது வன்னிக்குப் புதிதல்ல. கழுத்தில் இருந்த அடையாளங்களைப் பார்த்த பிறகுதான் அது மூழ்கிய மரணம் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள், அதைச் செய்தவனைக் காட்டக்கூடியவற்றில் பெரும்பங்கு வெந்நீரோடு போய்விட்டது.

அந்த அம்மம்மாவை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளை சேற்றோடு கிடக்க எந்தக் கிழவியின் மனம் பொறுக்கும்? ஆனால், ஒரு பிள்ளை தன்னைக் காப்பாற்றப் போராடியிருந்தால், எதிராளியின் தோலும் இரத்தமும் நகத்துக்கடியில்தான் ஒட்டியிருக்கும். சட்டையில் எதிராளியின் முடியோ வியர்வையோ இருக்கலாம். செருப்பில் ஒட்டிய மண், பிள்ளை நடந்த வழியைச் சொல்லலாம். மரபணுப் பரிசோதனைக்கு மிகச் சிறிய துணுக்கே போதும். கழுவிய பிறகு எந்த ஆய்வுகூடமும் அதைத் திருப்பித் தராது.

உடல் கிடந்த இடத்துக்கு நேர்ந்தது இன்னொரு வகை. சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். அன்று காலை ஆறு மணிக்கு அந்தக் கிளைக்கு முறை. யாரும் மறிக்கவில்லை. வழமைபோலத் தண்ணீர் திறக்கப்பட்டது. பொலிசார் வந்தபோது வாய்க்கால் கரை நனைந்து சரிந்திருந்தது. அதற்கு முன்பே நூறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். உழவு இயந்திரமும் இரண்டு தடவை போயிருந்தது. மோப்ப நாய் கொண்டுவரப்பட்டபோது அது மோந்து பார்க்க மிஞ்சியிருந்தது ஊராரின் கால்தான். நகரத்தில் ஒரு வீட்டுக் கதவைப் பூட்டினால் தடயம் உள்ளே இருக்கும். வயலுக்குக் கதவு இல்லை. வெயில், மழை, மாடு, தண்ணீர், அறுவடை என்று எல்லாமே அதை அழிக்கும். அதனால்தான் கமம் செய்யும் ஊர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

பிள்ளையில் உயிர் இருக்கக்கூடும் என்று துளி நம்பிக்கை இருந்தாலும், தடயம் என்று நின்று யோசிக்க வேண்டாம்; தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். உயிர் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தால், தொடாதீர்கள். ஒரு துணியைக்கூட மேலே போர்த்த வேண்டாம், அந்தத் துணியின் நூல் உடலில் ஒட்டும். இருபது முப்பது அடி தள்ளிக் கயிறோ கம்போ கட்டி, பொறுப்பான ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். 119க்கு அழையுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். வாய்க்காலுக்குப் பொறுப்பானவரைத் தேடிப்பிடித்து முறைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். அரை நாள் தண்ணீர் பிந்துவதால் எவருடைய நெல்லும் கருகாது. யாராவது தெரியாமல் உடுப்பைக் கழற்றியிருந்தால் அலம்பவோ எரிக்கவோ வேண்டாம். ஈர உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துக் கெடும். நிழலில் உலரவிட்டுக் கடதாசிப் பையில் வைத்து, யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று மேலே எழுதிக் கொடுங்கள். உறவினர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பிரேதப் பரிசோதனைக்கு முன், கெடாமல் இருக்கவென்று உடலுக்கு மருந்தேற்ற விடாதீர்கள். அது நஞ்சுப் பரிசோதனையையே குழப்பிவிடும்.

பிள்ளை காணாமற்போன முதல் இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலம் பொறுத்துத்தான் முறைப்பாடு எடுப்பார்கள் என்ற பேச்சு நம் ஊர்களில் வேரோடியிருக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இருட்டுவதற்கு முன்பே போகலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அந்தப் பையனின் தகப்பன் விடியும்வரை தனியாகவே ரோர்ச் லைட்டோடு வரம்பு வரம்பாகத் தேடியிருக்கிறார்.

மரணச் சடங்கு முடியுமுன்பே ஊர் ஒருவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. குளக்கட்டின் கீழ்க் கொட்டிலில் தனியாக இருந்த ஒரு கூலியாள். கொஞ்சம் மனநிலை பாதிக்கப்பட்டவர். அடித்தார்கள். கொட்டிலைப் பிரித்தார்கள். அவருடைய காயங்களையும் நானே பரிசோதித்து எழுதினேன். அவருக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பு இருப்பதாக ஒரு சான்றும் கிடைக்கவில்லை. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவ என்ற ஊரில் ஒரு சிறுமி கொலையுண்டபோது நாடே கொதித்தது. அப்போது கைதான 17 வயது மாணவனையும் இன்னொருவரையும் மரபணுப் பரிசோதனைதான் விடுவித்தது. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டவரின் மரபணுவும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரனுடையது. மரபணு மாதிரி கெடாமல் இருந்தபடியால் உண்மை தப்பியது. எங்கள் பையனின் வழக்கில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை. ஊர் கூலியாளை அடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று நாட்களும் உண்மையான ஆள் நிம்மதியாக இருந்திருப்பான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கண்டவர்கள் பேசாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். மீள்குடியேறி வந்த ஊர். வீட்டுக்கு வீடு சம்பந்தம், தண்ணீருக்கும் உழவுக்கும் ஒருவரில் ஒருவர் தங்கியிருக்கும் சீவியம். பல வருடங்களுக்குப் பிறகு வேறு அலுவலாக வைத்தியசாலைக்கு வந்த ஒரு பெண், அன்று பின்னேரம் அந்தக் கரையில் ஒரு சைக்கிள் நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். சாட்சிகளின் பாதுகாப்புக்கென்று 2015இல் ஒரு சட்டம் வந்து, அதற்குப் பதிலாக 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அச்சுறுத்தல் இருந்தால் பாதுகாப்புக் கேட்கலாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டு வந்த எத்தனையோ தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

காலம் போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். போகவில்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி பெரும்பாலான குற்றங்களுக்கு 20 வருட எல்லை உண்டு. கொலைக்கு எல்லை கிடையாது.

போன வருடம் அந்தத் தாய் என்னைத் தேடி வந்தார். ஒரு பொலித்தீன் பைக்குள் சின்ன ரப்பர் செருப்பு ஒன்று. உடலோடு கிடைக்காத மற்றச் செருப்பு. அடுத்த மாரிகாலப் பயிரான காலபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கியபோது ஒரு கமக்காரர் எடுத்து, தாயிடமே இருக்கட்டும் என்று கொடுத்திருக்கிறார். தாய் அதைச் சாமித்தட்டில் வைத்திருந்திருக்கிறார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். உடல் கிடந்த இடத்துக்கு மேலே, குளத்துப் பக்கமாக, இரண்டு வயல் தள்ளி, வேறொரு மதகடியில். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் மேல்நோக்கி ஓடாது. பிள்ளை வாய்க்காலுக்குள் போன இடம் நாங்கள் இத்தனை வருடம் நினைத்திருந்த இடமாக இல்லாமல் இருக்கலாம். யாராவது பிறகு கொண்டுவந்து எறிந்திருக்கவும் கூடும். அதிலிருந்து மரபணு கிடைக்கும் என்று நான் அவருக்கு ஆசை காட்டவில்லை. ஆனால் அந்த மதகைச் சுற்றி அன்று யார் வேலை செய்தார், யாருக்குத் தண்ணீர் முறை என்பதை இனியும் கேட்கலாம்.

கடதாசிப் பை ஒன்றில் மாற்றி, எடுத்தவரின் பெயரையும் இடத்தையும் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அந்தக் கமக்காரரையும் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். மூன்று மணித்தியாலம் இருந்து, தமிழில் எழுதச் சொல்லி, முழுவதையும் இரண்டு தரம் வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாராம்.