நாலு டிஸ்க்கும் அப்பாவின் நெல்லுக் கொப்பியும்

முரசுமோட்டையில் எங்களுக்கு மூன்று துண்டு வயல். இரணைமடுத் தண்ணீரில் விளைகிற நெல்லை ஒவ்வொரு போகமும் அப்பா ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிவைப்பார். துண்டுக்கு ஒரு கட்டம், கடைசியில் மொத்தம். ஒரு வருசம் கறையான் ஏறி நடுக்கட்டத்தைத் தின்றுவிட்டது. அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. மேல் துண்டு 32 மூட்டை, கீழ்த் துண்டு 41, மொத்தம் 100. அப்போ நடுத்துண்டு 27. பேனையை எடுத்து எழுதிவிட்டுப் போய்விட்டார்.

கிளிநொச்சியில் அத்தானின் போட்டோ ஸ்டூடியோவில் மேசைக்குக் கீழே கிடக்கிற பெட்டியும் இதே கணக்கைத்தான் செய்கிறது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நாலைச் செருகி நாங்களே செய்தது. கூட்டினால் 16 டெராபைட். ஆனால் படம் வைக்க 12தான் கிடைக்கும். மிச்ச நாலு, அப்பாவின் கொப்பியில் ‘மொத்தம்’ என்ற கட்டம். இந்த முறைக்குப் பெயர் ரெய்டு 5. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் ரெய்டு என்ற சொல்லும் இந்த ஐந்தாம் நிலையும் வந்தன. விலை கூடிய பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க் பலதைக் கட்டி ஓட்டலாம் என்பது அவர்கள் யோசனை. டிஸ்க் கூடினால் பழுதும் கூடும். அதைச் சமாளிக்கத்தான் அந்த மேலதிகக் கட்டம்.

அப்பா கூட்டினார். கணினி கூட்டுவதில்லை, ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கும். மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக வரவேண்டும் என்பது விதி. இப்போதே இரண்டு ஒன்று இருப்பதால் நாலாவது டிஸ்க்கில் 0 எழுதப்படும். இனி முதல் டிஸ்க் செத்துப்போனால் மிஞ்சுவது 0, 1, 0. ஒரேயொரு ஒன்றுதான் இருக்கிறது, ஒற்றை. விதி சரிவர வேண்டுமென்றால் போனது 1ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். கூட்டினால் மூன்று இரண்டிலக்க எண் சேர்ந்து 100 என்று மூன்று இலக்கமாகி, கட்டத்துக்கு வெளியே போய்விடும். ஒற்றை இரட்டை எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் ஒரு பிட்டுக்குள், அதாவது 0 அல்லது 1 எழுதுகிற ஓர் இடத்துக்குள், அடங்கும். அந்தச் சிக்கனம் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இந்த ஒற்றை இரட்டை விடைகளை ஒரே டிஸ்க்கில் வைத்தால், எதை எழுதினாலும் அந்த ஒன்றுக்கு வேலை வரும். அதனால் ரெய்டு 5 விடைகளை நாலு டிஸ்க்கிலும் முறைவைத்துப் பரப்பும். படங்களையும் அப்படித்தான் துண்டு துண்டாக வெட்டி வைக்கும். ஒரு டிஸ்க்கைக் கழற்றி மடிக்கணினியில் செருகினால் ஒரு படமும் தெரியாது. விண்டோஸ் என்றால் “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அத்தானுக்கு வந்த வில்லங்கத்துக்கு வருவோம். ஒரு ஐப்பசி மாதம், பின்னேரம் இடி முழக்கத்தோடு இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது. அடுத்த நாள் காலை திரையில் ‘டிஸ்க் 2 பழுது’. அத்தான் இரண்டாவது தட்டைக் கழற்றினார். மென்பொருள் 0, 1, 2, 3 என்று எண்ணும், மனிதர் 1, 2, 3, 4 என்று எண்ணுவார். பழுதானது மூன்றாவது தட்டில் இருந்தது. நல்ல டிஸ்க்கும் வெளியே வந்ததும் முழுப் பெட்டியும் நின்றுபோனது. திரும்பச் செருகினார், எழும்பவில்லை.

“தம்பி, பிழையானதைக் கழற்றிப்போட்டன் போல கிடக்கு.”

“அத்தான், ஒண்டையும் தொடாதேங்கோ. பெட்டியை நிப்பாட்டுங்கோ.”

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த பல குடும்பங்களிடம் அதற்கு முந்திய ஆல்பம் இல்லை. மீள்குடியேறிய பிறகு எடுத்த முதல் குடும்பப் படம் அத்தானின் பெட்டியில்தான் இருக்கிறது என்று இன்றும் தேடி வருபவர்கள் உண்டு.

ஒரு டிஸ்க் போன பெட்டி கயிற்றின் மேல் நடக்கிறது. புது டிஸ்க்கைப் போட்டால், மற்ற மூன்றையும் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட்டு வரை வாசித்துத்தான் அதை நிரப்ப முடியும். செக்கனுக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினாலும் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணித்தியாலம். டிஸ்க்குக்குள் சுழலும் தகட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். அந்த நேரத்தில் வாசிக்க வேண்டியது 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், நூறு டிரில்லியன் பிட்டு வாசித்தால் கூடியது ஒரு பிழை என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். அது உச்சவரம்பு, பெரும்பாலான டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனாலும் சேர்த்து வாங்கிய, ஒரே வயதுள்ள டிஸ்க்குகளில் ஒன்று விழுந்த அன்று மற்றவற்றை மணிக்கணக்காக ஓட்டுவது எனக்குப் பயம்.

கறையான் இரண்டு கட்டத்தைத் தின்றால்? மேல் துண்டு 32, மொத்தம் 100. மற்ற இரண்டும் சேர்ந்து 68. எது எவ்வளவு என்று அப்பாவாலும் சொல்ல முடியாது. ரெய்டு 6 இன்னொரு கட்டம் வைக்கிறது: முதல் துண்டை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டியது போல. எங்கள் கொப்பியில் அது 209 வரும். மொத்தம் 100, இது 209 என்று இரண்டும் தெரிந்தால் 27உம் 41உம் தானாக வந்துவிடும். இந்தப் பெருக்கல் வித்தை 1960இல் இர்விங் ரீடும் கஸ்டாவ் சாலமனும் தந்த பிழைதிருத்தும் முறையின் வழி வந்தது. கீறல் விழுந்த சிடி பாடுவதும் அதனால்தான்.

எங்களிடம் இருந்தது ரெய்டு 5. ஆகவே மூல டிஸ்க்குகளை வைத்து ஒரு முயற்சியும் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். புதிதாக நாலு டிஸ்க் வாங்கி, ஒவ்வொன்றையும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் அப்படியே நகல் எடுத்தோம். (மொத்த விலையை அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.) அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில்தான் அவற்றோடு மல்லுக்கட்டும். எங்கள் டிஸ்க்குகள் சத்தம் போடவில்லை. டிக் டிக் என்று தட்டியிருந்தால் அதையும் செய்திருக்கமாட்டோம், நேரே ஆய்வுகூடம்தான். வாசிக்கும் தலை சுழலும் தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பே எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் வரும். ஏ9 வீதியோரப் புழுதியில் மூடியைக் கழற்றினால் மிச்சம் என்ன இருக்கும்?

நகல்கள் கிடைத்த பிறகு வேலை சுலபமானது. ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பகுதியிலும் லினக்ஸ் ஒரு எண்ணை வைத்திருக்கும், பெட்டியின் நிலை மாறும்போதெல்லாம் அது ஏறும். அத்தான் கழற்றிய டிஸ்க் சில எண் மட்டும் பின்தங்கியிருந்தது. பழுதான டிஸ்க் அதற்கும் முன்பே நின்றிருந்தது. பழுதானதை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று நகலையும் வலுக்கட்டாயமாகச் சேர்த்து, வாசிக்க மட்டும் என்று திறந்தோம். கோப்புறைகள் வரிசையாக வந்தன.

முழுதும் என்று சொல்லமாட்டேன். நல்லது என்று நம்பிய டிஸ்க் ஒன்றிலும் 4 கிலோபைட் இடம் ஒன்று வாசிக்க முடியாமல் போயிருந்தது. பழுதான டிஸ்க்கும் இல்லாததால் அங்கே இரண்டு கட்டம் காலி. அது ஒரு கலியாணப் படத்தில் விழுந்தது: தாலி கட்டும் கைகள் வரை தெளிவு, அதற்குக் கீழே முழுதும் சாம்பல் நிறம். ஜேபெக் கோப்பில் நடுவில் ஒரு துணுக்குப் போனால் பெரும்பாலும் மிச்சமும் அதோடு போய்விடும்.

அந்தக் கரண்ட் வெட்டுக்கும் ஒரு சொல். நடுத்துண்டின் கணக்கை மாற்றி எழுதி, மொத்தத்தைத் திருத்துமுன் விளக்கு அணைந்தால் கொப்பி தனக்குத்தானே பொய் சொல்லும். டிஸ்க்குகளுக்கும் அதேதான். பொய் மொத்தத்திலிருந்து பொய் விடைதான் வரும், எச்சரிக்கைகூட வராது. அதனால், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓடவைக்கும் யூபிஎஸ் ஒன்று வைத்தோம். கரண்ட் போனால் அது ‘பீப்’ என்று கத்த, அத்தான் எழும்பிப் பெட்டியை ஒழுங்காக நிறுத்துவார். இடி நேரே விழுந்தால் நாலு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் கருகும் என்பதால், நகல் எடுத்த டிஸ்க்குகள் இப்போது வவுனியாவில் பெரியம்மா வீட்டு அலுமாரியில். தட்டுகளின் முகப்பில் வெள்ளை டேப் ஒட்டி, டிஸ்க்கின் வரிசை எண்ணில் கடைசி நாலு எழுத்தையும் எழுதியிருக்கிறோம். பக்கத்தில் அத்தான் தன் கையால் 0, 1, 2, 3 என்றும் போட்டிருக்கிறார்.